மஞ்சளுக்கு மேல் பச்சை

— மெழுகுவத்தியைக் கையில வச்சுக்கிட்டு ஏன் தம்பி நிக்கிற? தேய்க்க வேண்டியதுதானே.

— எங்கே தேய்க்கணும்னு நீங்கதான் சொல்லணும், ஓக்புன் அக்கா. மெழுகு பட்ட இடத்துல மேல் பெயிண்ட் பிடிக்காது. காஞ்சதும் உப்புத்தாள் போட்டா, அங்க மட்டும் அடியில இருக்கிற மஞ்சள் எட்டிப் பாக்கும். வருஷக்கணக்கா கை பட்டுத் தேஞ்ச மாதிரி ஆயிடும்.

— அதுதான் வேணும். பிள்ளை கை பட்டுத் தேஞ்ச மாதிரி.

— ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. போன வாரம் குப்பை வண்டி எடுத்துட்டுப் போகட்டும்னு யாரோ காசு கட்டி வில்லை ஒட்டித் தெருமுனையில போட்டிருந்த டிராயர் பெட்டி இது. நம்ம இஞ்சியோன் ஊர் மீன் மார்க்கெட்டு வண்டியை இரவல் வாங்கி நாம ரெண்டு பேரும்தான் தள்ளிக்கிட்டு வந்தோம். இதுல எந்தப் பிள்ளை கை பட்டுது?

— ஞாயித்துக்கிழமை என் மக வர்றா. டென்மார்க்லேர்ந்து.

— உங்களுக்கு மகளா? இத்தனை வருஷம் பக்கத்துக் கடையில இருக்கேன், மூச்சு விடலையே நீங்க.

— மீன் விக்கிறவ அதையெல்லாமா கூவி விப்பா? விடு. பெட்டி ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சிடுமா?

— காயும், காயும். அப்ப சின்னதுல அவங்க வச்சிருந்த பெட்டி மாதிரி செய்யணும். அப்படித்தானே?

— அப்படித்தான் வச்சுக்கயேன்.

— சரி, பாருங்க. பிள்ளைங்க ஒரு கையை மேல் விளிம்புல ஊணிக்கிட்டு, இன்னொரு கையால டிராயரை இழுக்கும். வலக்கைக்காரப் பிள்ளைன்னா இடது விளிம்பு தேயும். இடக்கைன்னா அப்படியே மாறிடும். உங்க மகளுக்கு எந்தக் கை?

— தெரியாது.

— யோசிச்சுப் பாருங்க. கரண்டி பிடிக்கையில, கிறுக்கையில...

— கரண்டி பிடிச்சு நான் பாக்கலப்பா. தொப்புள்கொடி விழறதுக்கு முன்னாடியே வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்துட்டாங்க. எனக்குப் பத்தொம்பது வயசு. எங்கப்பா வச்சதுதான் சட்டம். பிள்ளை பெத்தவளுக்குன்னு வச்சுக் கொடுக்கிற கடல்பாசி சூப்பு ஒரு வாய்கூட உள்ள இறங்கல.

— அப்ப உங்க மகளுக்கும் தெரியும்தானே, இந்த வீட்டுல வளரலைன்னு?

— தெரியும். அவகிட்ட பொய் சொல்ல நான் இதைக் கேக்கல, தொக்சூ. என் வீட்டுல பிள்ளை கை பட்ட பொருள் ஒண்ணுமே கிடையாது. எல்லாம் நான் வச்சா வச்ச இடத்துல இருக்கும். அவ உள்ள வந்தா வேத்து வீடு மாதிரி தோணக் கூடாதேன்னு ஓர் ஆசை. பைத்தியக்காரத்தனம்தான்.

— போட்டோ அனுப்பியிருக்காங்களா? பேனா, கத்தரிக்கோல் ஏதாவது பிடிச்சிருந்தா கண்டுபிடிச்சிடலாம்.

— ஒண்ணே ஒண்ணு. அதுலயும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. தூங்கப் போறப்பகூட அதைத்தான் பாக்குறேன்.

— முக்கால்வாசிப் பேருக்கு வலக்கைதான். வலக்கைன்னே வச்சுக்கலாம். யாருக்கு என்ன தெரியப்போகுது?

— எனக்குத் தெரியுமே. நான் பெத்தவளைப் பத்தி நானே குத்துமதிப்பாச் சொல்லவா?

— அப்ப ரெண்டு பக்கமும் லேசா தேய்ச்சு விடறேன், என்ன சொல்றீங்க?

— மெழுகுவத்தியை இப்படிக் கொடு.

— எதுக்கு?

— மெழுகே வேணாம். மஞ்சள் அடியில இருக்கட்டும், மேல பச்சையை முழுசா அடி. அவ வந்து திறக்கட்டும், மூடட்டும், தேய்க்கட்டும். எந்தக் கைன்னு பக்கத்துல நின்னு நானே பாத்துக்கறேன்.