ஐம்பத்தேழாம் நம்பர் பத்மகுமார்

— ஏன்னா, ஆஸ்பத்திரிக்குமா ஆபீஸ் காகிதத்தைத் தூக்கிண்டு வருவா? இன்னும் அரை மணியில எனக்கு ஆபரேஷன்.

— அதுக்குத்தான் கொண்டுவந்தேன் லலிதா. உன் வியாதிக்கான மருந்தைத்தான் இதுல தேடறோம்.

— கிடைச்சுதா?

— கம்ப்யூட்டர்ல கிடைச்சிருக்கு. குப்பியில வர பத்துப் பதினைஞ்சு வருஷம் ஆகும்.

— சரி, நான் வரிசையில நிக்கறேன். அது என்ன பண்ணும்?

— நம்ம உடம்புல ஒரு புரோட்டீன் இருக்கு. மத்த புரோட்டீனையெல்லாம் புடவை மடிக்கற மாதிரி மடிச்சு ஒழுங்கா வைக்கறதுதான் அதுக்கு ஜோலி.

— சமத்து.

— சமத்துதான். ஆனா கேன்சர்ல கெட்டுப்போன போக்கிரியையும் அதே சிரத்தையா மடிச்சு நிறுத்திடும்.

— உங்கம்மா உங்க அண்ணாவை வளர்த்த மாதிரி.

— இப்போ அது எதுக்கு? அந்தப் புரோட்டீன்ல ஒரு குழி உண்டு. அதுல தீனி விழுந்தாத்தான் வேலை பார்க்கும். குழியோட ஆழம், வளைவு எல்லாம் படமா எங்க கையில இருக்கு. தீனிக்குப் பதிலா ஒரு மருந்து போயி அடைச்சு உட்காரணும். நூத்திருபது மருந்தை உட்கார வச்சுப் பார்த்தோம்.

— இதென்ன, எல்லாத்துக்கும் நம்மாத்து மனுஷா பேரு?

— நம்பர் ஞாபகம் நிக்கலை, கேட்டியா. சித்தி எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிடறா. பெரியப்பா தொந்தியோட வாசல்லயே மாட்டிண்டார்.

— ஐம்பத்தேழு, பத்மகுமார். என் தம்பியா?

— அவனேதான். உள்ள போனான், காலை மடக்கிண்டு உட்கார்ந்தான். அசைக்க முடியலை.

— பாவம், ரெண்டு நாள் தங்கலாம்னு வந்தான்.

— மாசியில பொங்காலைக்கு வந்தவன். ஆவணி ஓணமும் கழிஞ்சாச்சு.

— பன்னிரண்டு என் பேரு அல்லே? ஏன் மேல கோடு?

— அது மை கொட்டினது.

— ஸ்கேல் வச்சா மை கொட்டும்?

— நல்ல பொருத்தம்தான் லலிதா. அழகாப் போயி உட்காரும். ஆனா பிடி இல்லை. டக்குனு எழுந்து போயிடறது.

— எத்தனை நாள் இருப்பேன்னு போட்டிருக்கா?

— அதெல்லாம் போடாது. வெறும் கம்ப்யூட்டர் கணக்கு. காகிதத்தை இப்படிக் குடு.

— இழுத்தா கிழிஞ்சுடும். விடுங்கோ, ஷிஜா சிஸ்டர் வந்தாச்சு.

— அம்மே, தியேட்டருக்குப் போகான் நேரமாயி. கையில கட்டற சீட்டுல எழுதணும். பேரு பறயணே.

— பத்மகுமார்னு எழுதிக்கோ, மோளே.