சிவப்பு மையில் ஐந்து கேள்விகள்

தலைசுற்றல் என்று வருகிறவர்களை முதலில் உட்கார வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். நீங்களும் என்னை முதலில் உட்காரச் சொன்னீர்கள், மேடம். பாதி பயம் அதிலேயே போய்விட்டது.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. கல்லூரியில் வேதியியல் செய்முறைத் தேர்வில் உப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதன் பெயரைச் சொல்ல வாய் வராமல் தாளில் எழுதிக் காட்டியவள் நான். ஆனால் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மாவின் உரிமத்தை ரத்து செய்வது பற்றி விசாரிப்பதாக உங்கள் கவுன்சில் கடிதத்தில் இருந்தது. அவர்மேல் தப்பில்லை. நான்கு மணிக்குள் முடித்துவிட்டால் நல்லது. வீட்டில் ஒருவரை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

டாக்டரம்மாவின் ஹோமியோபதி கிளினிக்கில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். முன்னறையில் என் மேசை. நடுவில் பச்சைத் திரை. உள்ளே அவர். என் மேசைமேல் சர்க்கரை உருண்டை டப்பா, சின்னக் குப்பிகள், ஒரு கட்டு ஃபார்ம். படுக்கையில் புரண்டால் சுற்றுகிறவர்களுக்குக் கோனியம். பஸ்ஸில் ஏறினால் சுற்றுகிறவர்களுக்குக் காக்குலஸ். பயத்தில் கால் நடுங்கிச் சுற்றுகிறவர்களுக்கு ஜெல்சீமியம். ஆளுக்கு ஆள் மருந்து மாறும் என்பதால் கேள்விகள் அதிகம். இடமாகச் சுற்றுகிறதா, வலமாகவா? அறை சுற்றுகிறதா, நீங்களா? கண்ணை மூடினால் கூடுகிறதா, குறைகிறதா?

ஒரு அம்மா சொன்னார், "அறை சுத்தலம்மா. என் மருமகதான் சுத்துறா, கடை கடையா." அதையும் எழுதினேன். டாக்டரம்மா படித்துவிட்டுச் சிரித்தது வெளியே கேட்டது.

கதையை ஒரே ஒரு முறை, என்னிடம்தான் சொல்ல வேண்டும். கிளினிக்கின் வழக்கம் அது. இரண்டாவது தடவை சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்துவிடுகிறார்கள் என்பார் டாக்டரம்மா. "உள்ள வந்து மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. அவகிட்ட சொன்னா என்கிட்ட சொன்ன மாதிரி." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிரும்.

ஃபார்மின் அடியில் சிவப்பு மையில் ஐந்து கேள்விகள் இருக்கும். நாக்கு குழறுகிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? கையில் பிடி தளர்கிறதா? நடந்தால் ஒரு பக்கம் தள்ளுகிறதா? இதுவரை வராத தலைவலி வந்ததா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மாத்திரை கிடையாது. நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். மூளைக்கு ரத்தம் போகிற வழியில் கோளாறு இருந்தாலும் ஆரம்பத்தில் வெறும் தலைசுற்றலாகத்தான் தெரியும், அதில் சர்க்கரை உருண்டையோடு விளையாடக் கூடாது என்பதில் டாக்டரம்மா கறார். மூன்று வருடத்தில் பதினோரு பேரை அப்படி அனுப்பியிருக்கிறோம். வண்டி கூப்பிட்டு ஏற்றிவிடுவதும் என் வேலை. ஒரு முறைகூடத் தவறியதில்லை. பன்னிரண்டாவது ஆளைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அக்கா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அக்கா.

"மேலயும் கீழயும் போறது லிஃப்ட்தான் மிஸ். சுத்துறது மட்டும் நான்" என்றார் அவர், நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"வாய மூடிட்டு உக்காருடா. வாந்தி எடுத்தா நான் தொடைக்க மாட்டேன்."

"பாத்தீங்களா மிஸ்? பாசத்துலயே ஆளக் கொன்னுடுவா."

படுக்கையில் புரண்டால் அரை நிமிடம் சுற்றும், பிறகு நிற்கும். காதுக்குள் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. அவை இடம் மாறி, சமநிலை பார்க்கிற குழாய்க்குள் விழுந்துவிட்டால் இப்படி ஆகும். டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தார். பிறகு மறுபக்கம். பிறகு உடம்போடு ஒருக்களித்து. கடைசியில் உட்கார வைத்தார். காது டாக்டரான ஒரு தோழியிடம் கற்றுக்கொண்ட முறை. துகள்கள் உருண்டு அந்தக் குழாயை விட்டு வெளியே வந்துவிடும். பத்து நிமிடம் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் கோனியம், சர்க்கரை உருண்டைமேல் ஒரு சொட்டு. நான் படித்த கணக்கைப் போட்டால், அத்தனை முறை நீர்க்க வைத்த அந்தச் சொட்டில் மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்காது. அக்கா அந்தக் குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேலை செய்தது கை, பேர் வாங்கியது மாத்திரை. பேர் கிடைக்காத வேலை எனக்குப் பழக்கம் என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை.

அவர் என்னிடம் பேசினார். எல்லோரும்தான் பேசுவார்கள், அவரவர் தலையைப் பற்றி. இவர் என் மேசையில் இருந்த வேதியியல் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, "இதுல கதை எங்க மிஸ், வெறும் அம்புக்குறியா இருக்கு?" என்றார். நான் சிரித்தேன். "சத்தமே வரல. மியூட்ல இருக்கீங்களா?" என்றார். என்னைப் பற்றி என்னிடமே யாரும் வேடிக்கை பேசியதில்லை, மேடம். என்னை வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் பேசுவார்கள்.

தலைசுற்றல் முழுசாகப் போய்விட்டது என்று டாக்டரம்மா சான்றிதழ் கொடுத்தால்தான் அவரை மறுபடி லிஃப்ட் குழிக்குள் இறக்குவார்கள். இறங்கினால் பதவி உயர்வு, வேறு ஊருக்கு மாற்றல். "குழிக்குள்ள ஒரு வாசனை இருக்கு மிஸ். கிரீஸும் இருட்டும் கலந்து. அது இல்லாம எனக்குத் தூக்கமே வரல" என்பார். வியாழன் பதினொரு மணிக்கு வருவார். புதன்கிழமையே நான் குப்பிகளைத் துடைத்து வைத்துவிடுவேன்.

இரண்டாவது வாரம், தொண்ணூறு சதவீதம் சரியாகிவிட்டது என்றார். நாற்பது என்று எழுதினேன். மூன்றாவது வாரம், நூறு என்றார். ஐம்பது என்று எழுதினேன். முன்னேற்றத்தை நான் மறைக்கவில்லை. கொஞ்சம் மெதுவாக்கினேன். அவர் உள்ளே போய், "சூப்பரா இருக்கேன் டாக்டர், கையெழுத்துப் போடுங்க" என்று கெஞ்சியது எனக்குக் கேட்டது. "சர்டிஃபிகேட் வேணும்னா எல்லாரும் சூப்பராத்தான் இருப்பாங்க. ஃபார்ம் வேற சொல்லுதே தம்பி. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அவரைப் போலக் கவனமான மருத்துவரை நான் பார்த்ததில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வாரம் அவர் தனியாக வந்தார். சுவரை ஒட்டி நடந்தார், இடது தோள் சுவரில் உரசிக்கொண்டே இருந்தது. நாற்காலியில் சாய்ந்து, "இன்னைக்கு ஸ்பானர் கையில நிக்க மாட்டேங்குது மிஸ். காலைலேர்ந்து மூணு தடவ விழுந்துடுச்சு. ரொம்ப நாளா தொடலன்னு கோவிச்சுக்கிச்சு போல" என்றார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, குடித்தவர் பேச்சு மாதிரி. அவர் குடிக்க மாட்டார்.

ஐந்தில் மூன்று. பேனா என் கையில் இருந்தது.

நான் குழம்பிப்போய் எதையோ எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிதானமாகத்தான் யோசித்தேன். 'ஆமாம்' என்று எழுதினால் பத்து நிமிடத்தில் வண்டி வரும். பெரிய ஆஸ்பத்திரி நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. அங்கே சரி செய்து, அங்கேயே சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு எங்கள் கிளினிக்குக்கு வர அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. 'இல்லை' என்று ஐந்து முறை எழுதினேன். மேலும் கீழும் கோடு பிசகாமல். அந்த ஃபார்ம் உங்கள் கோப்பில் இருக்கும், பாருங்கள். 

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மிஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன் டாக்டர்."

அந்த நாலு வார்த்தையும் குழைந்துதான் வந்தன. டாக்டரம்மா ஃபார்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவகிட்ட சொன்னா என்கிட்ட சொன்ன மாதிரி.

அன்றைக்கு அவருடைய குப்பியில் இரண்டு சொட்டு கூடுதலாகவே விட்டேன். அக்கறையில்லாமல் நடந்துகொண்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம்.

மறுநாள் காலை குளியலறை வாசலில் விழுந்தார். மூளைத்தண்டில் ரத்தம் அடைத்துக்கொண்டது. முந்தைய நாளே வந்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அக்காவிடம் சொன்னார். வந்திருந்தால், போயிருப்பார் என்றெல்லாம் பேசுவது அறிவியல் ஆகாது. இப்போது அவருக்குக் கை, கால், நாக்கு எதுவும் அசையாது. கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியும். இமையை மூடித் திறக்க முடியும். அவருக்கு எவ்வளவு புரிகிறது என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார்கள்.

அக்காவால் வேன் ஓட்டுவதை விட முடியாது. கிளினிக் வேலையை நான் விட்டேன். முதலில் பகலில் மட்டும் போனேன். இப்போது அங்கேயே இருக்கிறேன். "நீ யாரு பெத்த பொண்ணோ? எங்களுக்குன்னு வந்து சேந்தியே" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எட்டு மாதம் ஆகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறேன், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குழாயில் உணவு விடுகிறேன், கண்ணுக்குச் சொட்டு விடுகிறேன். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. மற்ற நேரமெல்லாம் பேசுகிறேன். நான், மேடம். நாள் முழுக்க. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஓர் அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதினேன். வரிசையை நான் சொல்லிக்கொண்டே போவேன், சரியான எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூட வேண்டும். ஒருமுறை மூடினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. அரை நாளில் கற்றுக்கொண்டார். அவருக்கு எல்லாம் புரிகிறது. முதலில் 'அக்கா' என்றார். நாற்பது நிமிடம் கழித்து 'ஸ்பானர்' என்றார். பிறகு 'சொல்' என்று ஆரம்பித்தார். நான் அட்டையை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அவ்வளவு நேரம் பார்த்தால் கண் களைத்துவிடும். அக்காவிடம் அட்டையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தம்பிக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்து அவரும் ஒரு மாதிரி மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். அதைக் கலைப்பானேன்?

மணி மூன்றரை. நான் சொன்னதை எழுதிவிட்டீர்கள் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். நோயாளி சொன்னார், நான் கேட்டேன், தெரிந்தேதான் மாற்றி எழுதினேன். டாக்டரம்மாவை விட்டுவிடுங்கள். என்னை அழைத்துப் போவதாக இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவரை எப்படித் திருப்ப வேண்டும் என்று வேறு யாருக்கும் தெரியாது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் அவருக்குச் சம்மதமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் தினமும் கேட்கிறேன். நான் அறைக்குள் கால் வைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நான் வெளியே போகும்வரை திறப்பதில்லை. ஒருமுறை மூடினால் ஆமாம். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.