தண்ணீர்த் தட்டின் தலைகள்

காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தவளைத் தொட்டியில் தண்ணீர் மாற்றுவேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. வாயில்லா ஜீவன்கள் என்றால் எனக்கு மனசு இளகிவிடும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

நான் அங்கே முட்டைகளுக்கு ஊசி போடுபவன். தவளை முட்டை நாலு செல்லாகப் பிரிந்திருக்கும் நேரம், வயிறாகப் போகிற பக்கத்தில், அங்கே ஆராய்ச்சி செய்யும், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர் தரும் கரைசலைத் துளியூண்டு செலுத்தினால், தலையை உண்டாக்கும் மரபணு அங்கேயும் விழித்துக்கொள்ளும். பிறகு சாயம் போட்டால் அது விழித்திருக்கும் இடம் நீலமாகத் தெரியும். ஒரு தட்டு முட்டைகளுக்குக் கரைசல். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டுக்கு வெறும் தண்ணீர். கரைசல் தட்டில் இரட்டைத் தலை, தண்ணீர்த் தட்டில் ஒற்றைத் தலை. அதுதான் அக்காவின் ஆராய்ச்சி. அது முடியட்டும் என்று குழந்தையைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தார்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. சுவரோடு பேசி வளர்ந்தவன். சாயத்துக்கு எடுத்தது போக மிஞ்சிய குஞ்சுகளைப் பார்ப்பேன். இரட்டைத் தலைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வட்டமடிக்கும். பக்கத்துத் தட்டில் ஒற்றைத் தலைகள் உம்மென்று கிடக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து தண்ணீர்த் தட்டு முட்டைகளுக்கும் தண்ணீருக்குப் பதிலாகக் கரைசலையே போட்டேன். ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்காது.

சாயம் ஏறியதும் அக்கா நுண்ணோக்கியை விட்டு எழவே இல்லை.

"வெறும் தண்ணிக்கு எப்படிப்பா ரெண்டு தலை வரும்?"

"அதானேக்கா," என்றேன்.

குழாயை மாற்றினார்கள், தொட்டியை மாற்றினார்கள், தவளைகளையே மாற்றினார்கள். என்னை மாற்றவில்லை, கைச்சுத்தம் அப்படி. பேராசிரியர் அங்கே தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் அக்காவின் ஆராய்ச்சி செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

"போதும்ப்பா. இனிமே குழந்தை, குடும்பம்னு இருந்துடறேன்," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன வாரம் அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். ஸ்கேன் படத்தைக் காட்டினார். ஒரே தலை. பாவம், அந்த இருட்டில் தன்னந்தனியாக.

"ஏம்ப்பா கண் கலங்கறே?" என்று சிரித்தார்.

"ஒத்தத் தலையா இருக்கேக்கா. எனக்குத் தெரியறப்போ நாள் கடந்துபோச்சு. அடுத்த தடவை நாலு செல்லா இருக்கறப்பவே சொல்லிடுங்க, நான் ஊசியோட வந்துடறேன்."

அன்பாகத்தான் சொன்னேன். அதற்கு அவர் ஏன் உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உங்களுக்குப் போன் போட்டார் என்பதுதான், ஐயா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.