ரெண்டு பேருக்குச் சாம்பார்

திருத்தங்கல் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. இந்த ரூட்டுக்கு இன்னொரு வண்டி விடமாட்டார்கள். என் முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து இரண்டு பெண்கள்.

“கம்ப்யூட்டரு எம்மகனைக் காட்டிக் குடுத்திருச்சு மதினி.”

“என்ன சொல்றீக?”

“அமெரிக்காவுல சாம்பாருன்னு அமுக்குனா, பருப்பு, புளின்னு அதுவே சீட்டு எழுதி, சாமானை வீட்டுக்கே அனுப்புமாம். அங்கேருந்து லீவுல வந்தவன் பெட்டியில அந்தச் சீட்டு கெடந்துச்சு. டீச்சரம்மாட்ட காட்டுனேன். ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்காம். இவன் தனியாத்தான் இருக்கேங்கான்!”

“கேட்டீகளா?”

“கேட்டேன். ஒருத்தருக்குன்னா மிஷினு எழுதாதுங்கான்.”

“மிஷினுக்கும் பசிக்குமோ என்னமோ!”

“சிரிக்காதீக.” அந்த அம்மா இடுப்பிலிருந்து இன்னொரு சீட்டை உருவினாள். “இதுவும் அவன் பெட்டியில கெடந்ததுதான், தை மாசத்துச் சீட்டு. இதுல மட்டும் ஒருத்தருக்குன்னு எப்படி எழுதுச்சாம்?”