ஓடாத வண்டியின் பேட்டரி

— இல்லம்மா, பேட்டரி மேல பழியப் போடாதீங்க. புது பேட்டரி, நான்தான் மாட்டினேன். இறங்கிப் போச்சுன்னு நீங்க சொன்னப்பல்லாம் கடைக்கு எடுத்துட்டுப் போய் சார்ஜ் போட்டதும் நான்தான். கடையில வெச்சா வெச்ச மாதிரியே நிக்குது. உங்க வாசலுக்கு வந்தா மட்டும் செத்துடுது. சரியா?

— அப்ப வண்டியிலதான் ஏதோ கோளாறு, மெக்கானிக் அண்ணே. அதுக்குத்தானே நேர்ல வரச் சொன்னேன்.

— அதுவும் லீவு நாளாப் பாத்து வரணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. சாவிய ஆஃப் பண்ணுங்க. இந்த மீட்டரப் பாருங்க. வண்டி சும்மா நிக்கும்போது கரன்ட் எங்கேயாவது கசிஞ்சா இதுல நம்பர் ஏறும்.

— ஏறலையே.

— ஏறல. ஹாரன், இண்டிகேட்டர், எங்கயும் கசிவு இல்ல. இப்ப ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டர லேசா முறுக்குங்க.

— இப்ப பண்ணித்தான் ஆகணுமாண்ணே? லீவு நாள்ல வண்டி சத்தம் கேட்டா பையன் எங்க கிளம்புறான்னு நெனைப்பாரு.

— யாரு?

— மாமா. வீட்டுக்காரரோட அப்பா. அந்த ஜன்னல் ரூம்ல படுத்திருக்காரு.

— நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாரு. ஸ்டார்ட் பண்ணாம எப்படிப் பாக்கறது?

— இருங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்... மாமா! மெக்கானிக் வந்திருக்காரு, வண்டிய பாக்குறாரு. சத்தம் வரும்!... ம், பண்ணலாம்ணே.

— முறுக்குங்க. இன்னும் கொஞ்சம். போதும், போதும். பதினாலு வோல்ட்டுக்கு மேல காட்டுது. காயில் நல்லாருக்கு, ரெகுலேட்டரும் நல்லாருக்கு. எஞ்சின் குடுக்கறத பேட்டரி ஒழுங்கா வாங்கிக்குது. ஆஃப் பண்ணுங்க. இந்த வண்டிக்கு ஒரு நோயும் இல்ல.

— அப்ப எப்படித்தான் இறங்குது?

— அத நீங்கதான் சொல்லணும். வீட்டுக்காரர் தினமும் இதுலதானே வேலைக்குப் போறாரு?

— ஆமா. பாலம் தாண்டிப் போகணும். தூரம்தான்.

— தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. சக்கரக் கம்பிக்குள்ள சிலந்தி வீடு கட்டிக் குடும்பமே நடத்துது. செயின்ல துரு. டயர் தரையில படுற இடம் அமுங்கிக் கிடக்கு. போன தடவை நான் பாத்தப்ப எத்தனை கிலோமீட்டர் காட்டுச்சோ அதையேதான் இன்னிக்கும் காட்டுது. பாலத்த விடுங்க, இந்த வண்டி உங்க கேட்டையே தாண்டல. சரியா?

— மெதுவா பேசுங்கண்ணே. இப்படி, கேட்டுப் பக்கமா வாங்க.

— வந்துட்டேன். சொல்லுங்க, யாரு ஸ்டார்ட் பண்றது?

— நான்தான். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கிக்கர் அடிக்கக் கால்ல பலம் இல்ல, செல்ஃப்தான்.

— ஸ்டார்ட் பண்ணி?

— நல்லா முறுக்குவேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு ஆஃப் பண்ணிடுவேன். வண்டி தெரு முனைக்குப் போற மாதிரி. சாயங்காலம் அதையே தலைகீழாப் பண்ணுவேன்.

— அடக் கடவுளே! அதான் விஷயம். செல்ஃப் ஒரு தடவை இழுக்கிற கரன்ட்டத் திருப்பி ஏத்தணும்னா வண்டி நல்லா ஓடணும்மா. நீங்க ஒரு வாய் சோறு ஊட்டிட்டு ஒரு மூட்டையத் தூக்கச் சொல்றீங்க. போதாக்குறைக்கு ஹெட்லைட் வேற தானா எரியுது. எந்தப் பேட்டரி தாங்கும்? ஆமா, எதுக்கு இந்த நாடகம்?

— மாமாவுக்காகத்தான்.

— புரியல.

— அப்பாவும் பிள்ளையும் முகம் குடுத்துப் பேசி வருஷக்கணக்கு ஆகுது. ஏதோ சண்டை, நான் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. ஒரே வீடு. இவரு மாடியிலயே இருப்பாரு, அந்த ரூம் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு. இடுப்பு உடைஞ்சதுல இருந்து மாமாவாலயும் எழுந்து நடக்க முடியாது. அவருக்குப் பிள்ளைங்கறது அந்த வண்டிச் சத்தம் மட்டும்தான். வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. ஆனா சாயங்காலம் வண்டி வந்து நின்னாத்தான் தட்டையே தொடுவாரு.

— அப்ப உங்க வீட்டுக்காரர் எங்க?

— ஃப்ரெண்டு கார்ல போறேன், ரெண்டு நாள்ல வந்துடறேன்னு கிளம்பினாரு. மழைக்காலம் தொடங்கினப்ப. போய்ச் சேர்ந்துட்டேன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அதுக்கப்புறம் போன் எடுக்கல.

— மழைக்காலம் முடிஞ்சு வெயிலே கொளுத்துதேம்மா.

— தெரியும்ணே. அவரு கிளம்பின அன்னிக்கு மாமா ஒரு பருக்கை சாப்பிடல. மறுநாளும் அப்படியே. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வெளியில வந்து செல்ஃப அமுக்கினேன். சும்மாதான். உள்ள போனா டீ இருக்கான்னு கேட்டாரு. அதுல இருந்து நடக்குது.

— பேட்டரி செத்த நாள்ல?

— வண்டி ரிப்பேர், பஸ்ல போயிருக்காருன்னு சொல்லுவேன். அன்னிக்கெல்லாம் சோறு பாதிக்கு மேல திரும்பி வந்துடும்.

— எத்தனை நாளைக்கு இப்படி?

— அவரு வர்ற வரைக்கும். வந்துடுவாருண்ணே. இந்த வண்டிய ஒருத்தர் தொட விடமாட்டாரு. இத விட்டுட்டு இருக்க முடியுமா அவரால?

— ம். சரி, அது உங்க பாடு. நான் பேட்டரியப் பாக்கறேன். சின்னதா ஒரு சார்ஜர் இருக்கு. மெதுவா ஏத்தும், நிறைஞ்சதும் தானா நிறுத்திக்கும். வண்டியிலயே மாட்டி விட்டுடலாம். பேட்டரி இறங்காது. பிளக் எங்க இருக்கு?

— மாமா ரூம்ல, ஜன்னலுக்குக் கீழ ஒண்ணு இருக்கு. வயர் எட்டாதே. மாடியில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கு, எடுத்துட்டு வர்றேன். நீங்க உள்ள போய் பிளக்கப் பாருங்க. அண்ணே...

— சொல்லுங்க.

— அவரு எதாவது கேட்டா...

— நான் வாயே திறக்கல, போங்க... ஐயா, உள்ள வரலாமா? மெக்கானிக். இந்த பிளக்கப் பாக்கணும்.

— வாப்பா. பாத்துக்க, அந்த ஸ்டூல் ஆடும். என்ன ஆச்சு வண்டிக்கு?

— சின்னக் கோளாறுதான். சரி பண்ணியாச்சு. நாளைக்குக் காலையில உங்க பையன் ஜம்முனு வேலைக்குப் போகலாம்.

— அவளும் அப்படித்தான் சொல்லுவா. நீ ஏம்ப்பா பொய் சொல்ற? உனக்கு அதுக்குக் கூலியா?

— ஐயா...

— உக்காரு. இந்த ஜன்னல் என் தலைமாட்டுலதான் இருக்கு. வண்டி கிளம்பினா கேட் திறக்கிற சத்தம் வரணும்ல? இவ எஞ்சினத்தான் முறுக்குவா, கேட்டத் திறக்க மறந்துடுவா. முதல் நாளே தெரிஞ்சு போச்சு.

— தெரிஞ்சும் எதுவும் சொல்லலையா?

— பக்கத்துல பேசுற மாதிரி ஒரு சத்தம் வரும் பாத்துக்க, அவ முறுக்கும்போது. சாப்பிடச் சொல்ற மாதிரி. சாப்பிட்டுட்டேன்.

— அப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாமே ஐயா. வேணாம்மா, எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை. பேட்டரியும் பிழைக்கும், அதுவும் பிழைக்கும்.

— சொல்லலாம்.

— அந்தப் பொண்ணும் கிளம்பிடும்னு பயமா?

— அதுவும் உண்டு. இல்லன்னு சொன்னா பொய். எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்க வேற யாரு?

— சரி, அவங்க இறங்கி வர்ற சத்தம் கேக்குது. நான் எதுவும் சொல்லல. ஆனா நீங்க சொல்லணும். பிள்ளை போனது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு பாவம், தினமும் ரெண்டு வேளை வாசல்ல நின்னு முறுக்குது.

— அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்ப்பா. வருஷக்கணக்கா எங்கிட்ட வாய் திறக்காதவன், கிளம்புற அன்னிக்கு நீ உக்காந்திருக்கிற அதே இடத்துல உக்காந்து, இனி வரமாட்டேன், அவகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனான்.