ரெண்டரை மில்லி கம்பி

— இதுவும் ஆவாது சங்கரி. தோ, காந்தத்த வெச்ச ஒடனே எப்டி கவ்விக்கினு கீது பாரு. பாரீஸ் கார்னர்ல அந்த கடைக்காரன் ஸ்டெயின்லெஸ்னு சொல்லி எதையோ உன் தலைல கட்டிட்டான்.

— அய்யோ ப்ரிசி, பில்லுல எழுதியே குடுத்தான். மூணு மணி நேரம் வெயில்ல நின்னு வாங்கிட்டு வந்தேன்.

— பில்ல கட்டியா பாய்மரத்த நிக்க வெப்ப? உப்புத் தண்ணில பத்து நாளு தாங்காது இது.

— முந்தாநாள் நீ கொண்டுவந்தது மட்டும் என்ன ஒழுங்கு? லிஃப்டுக்குப் போடுற கம்பி.

— லிஃப்ட் இல்லமே, கிரேன் கம்பி. கம்பெனி ஸ்டோர்ல கெஞ்சி வாங்கியாந்தேன்.

— ஏதோ ஒண்ணு. கயிறு மாதிரி வளையுது. பாய்மரத்த ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பி வளையவும் கூடாது, நீளவும் கூடாது. பத்தொம்பது இழை, ஒரே முறுக்கு, குச்சி மாதிரி விறைப்பா இருக்கணும். கொஞ்சம் நீண்டு குடுத்தாலும் மரம் சாயும், பாய் தொளதொளன்னு ஆகும், அனு நம்மளத் தாண்டிப் போய்ட்டே இருப்பா.

— அனு, அனு. காலைலேர்ந்து நாலாவது வாட்டி.

— போன வருஷம் தேர்வு ரேஸ்ல அஞ்சு செகண்டு ப்ரிசி. அஞ்சே செகண்டுல அவ டீமுக்குப் போனா, நாம கல்பாக்கம் பஸ் ஏறினோம். இன்னிக்கி புதன். சனிக்கிழம காலைல ஹார்பர்ல தேர்வு. படகு இருக்கு, பாய் இருக்கு, நீ இருக்க, நான் இருக்கேன். மரம் மட்டும் மணல்ல படுத்துக் கிடக்கு!

— கத்தாத. அந்தாண்ட வலை பிரிக்கிறவங்கல்லாம் திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். மூணு வாரமா ஒரு கம்பிக்காக நாய் மாதிரி அலையறேன். அவங்களுக்கும் தெரியட்டும்.

— செம பேஜாருதான். உங்க சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து அனுப்புன பார்சலு இன்னா ஆச்சு?

— அதத்தான் சொல்ல வந்தேன். ஊரப்பாக்கம்னு எழுதினத கூரியர்காரன் ஊத்தங்கரைக்கு அனுப்பி வெச்சிட்டான். அங்க பத்து நாள் தூங்கிட்டு நேத்துதான் எங்க அத்தை வீட்டுக்கு வந்து சேந்துச்சு. இந்தா, பை. பிரிச்சுப் பாரு. இங்கிலாந்து சரக்கு.

— அய்ய, இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? ம்… காந்தம் ஒட்டல. முறுக்கு நல்லா கீது. ஆனா இன்னாமே இது, இவ்ளோ மெல்லிசா? மூணு மில்லிதான சொல்லி வெச்சோம்?

— ரெண்டரை. அப்புறம் யோசிச்சு மாத்திச் சொன்னேன். அனு படகுல ரெண்டரைதான் போட்டிருக்கா. மெல்லிசா இருந்தா காத்துல இழுக்காது, உச்சில எடை ஏறாது.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீ ஒத்துக்க மாட்ட.

— அனு கூட படகு ஓரமா தொங்குறவ நாப்பத்தெட்டு கிலோ. நான் அறுவத்தி நாலு. காத்து பலமா அடிச்சா அது கம்பில பல மடங்கு சுமையா ஏறும். அது உன் கணக்குல வந்துச்சா?

— ரெண்டரை மில்லி அரை டன் தாங்கும்டி.

— மூணு?

— முக்கா டன். இப்ப அதுக்கென்ன?

— தோ பாரு. எங்க மாமா பையன் தேவசகாயம் கீறான்ல, மாமல்லபுரத்துல புதுசா கட்டுற ஓட்டல்ல வெல்டிங் பண்ணிக்கினு. அங்க பால்கனிக்கு குறுக்க கம்பி இழுத்துக் கட்டுறாங்க. ஜெர்மனி சரக்கு, பத்தொம்பது இழை, மூணு மில்லி. வெட்டுனதுல மிச்சம் பெரிய சுருளா கீது. கம்பி முனைல வளையத்த அழுத்திப் பொருத்துற மிஷினும் அங்கியே கீது. மேஸ்திரி தரேன்னுட்டாரு.

— பால்கனிக் கம்பியா? குழந்தைங்க விழாம இருக்கக் கட்டுறதக் கட்டிக்கிட்டு நான் ரேஸுக்குப் போகணுமா?

— நாம மட்டும் வுழறதுக்கா கட்டுறோம்?

— ப்ரிசி, அந்த அஞ்சு செகண்டு இந்த அரை மில்லிலதான் இருக்கு. நான் சுக்கான் பிடிக்கிறவ. எனக்குத் தெரியும்.

— நீ உள்ள ஒக்காந்துகினு புடிக்கிற. நான் மரத்துலேர்ந்து வர்ற கயித்துல இடுப்புக் கொக்கிய மாட்டிகினு, ஓரத்துல கால ஊனி, ஒடம்பு மொத்தத்தையும் தண்ணிக்கு மேல கெடத்தித் தொங்குறேன். மூணு வாரம் முன்னாடி கடல்ல கம்பி அறுந்தப்ப நீ எங்க இருந்த, நான் எங்க இருந்தேன்?

— நானும்தான் தண்ணில விழுந்தேன்.

— நீ இந்தாண்ட வுழுந்த. மரம் அந்தாண்ட சாஞ்சப்ப கொக்கியோட என்னையும் இழுத்துகினு போய் பாய்க்கு அடில போட்டுச்சு. கண்ணத் தொறந்தா ஒரே வெள்ள. மேல வர எடமில்ல, கொக்கி கழல மாட்டேங்குது. எவ்ளோ நேரம்னு எனக்கே தெரியாது.

— எனக்குத் தெரியும். நான்தான உன்ன இழுத்தேன்.

— ஆமா, இழுத்த. அதனாலதான் நேத்துலேர்ந்து வாய மூடிகினு கீறேன்.

— என்ன சொல்ற?

— அறுந்த கம்பிய குப்பைல போடுன்ன. நான் போடல. ஃபிட்டர் வேல பாக்குறவ நானு, ஒண்ணு ஒடிஞ்சா ஏன் ஒடிஞ்சுதுன்னு பாக்காம வுட மாட்டேன். நேத்து ஷிஃப்ட் முடிஞ்சு எடுத்துப் பாத்தேன். மேல் முனைல கருப்பு டேப்பு. பிரிச்சா, பத்தொம்பதுல ஆறு இழை முன்னாடியே அறுந்து கருத்துப் போய் கீது. மிச்சம்தான் அன்னிக்கி அறுந்தது. டேப்பு யாரு சுத்துனா சங்கரி?

— மூணு இழைதான். நான் பாத்தப்ப மூணுதான் போயிருந்துச்சு.

— எப்ப பாத்த?

— அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. புதுசு கிடைக்கல ப்ரிசி, நீயே பாக்குறல்ல, எவ்வளவு அலைச்சல். நிறுத்தினா பயிற்சி போய்டும். இன்னும் பதினாறு இருக்கே, தாங்கும்னு கணக்குப் போட்டேன்.

— தொங்குறவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம.

— சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்ட.

— ஏறியிருப்பேன். காத்து கம்மியா கீற நாளா பாத்து, தொங்காம உள்ள ஒக்காந்துகினு வந்துருப்பேன். அத முடிவு பண்ண வேண்டியவ நானு. நீ இல்ல.

— தப்புதான். தப்புதான்டி. திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. சனிக்கிழம மட்டும் வரலன்னு சொல்லிடாத.

— வரலன்னு யாரு சொன்னா? எனக்கும்தான் ஜெயிக்கணும். செய்யூர்ல எங்க வூட்டுல ஒருத்தருக்கும் நீச்சலே தெரியாது. நான் ரேஸுக்குப் போறேன்னு ஞாயித்துக்கெழம சர்ச்சுல பேரு வாசிச்சு ஜெபமே பண்ணிட்டாங்க.

— அப்ப இந்தக் கம்பியவே போடலாம்ல? இது புதுசு ப்ரிசி, ஒரு இழை போகல. ரெண்டரை தாராளமாத் தாங்கும்.

— நல்லா யோசிச்சுதான் சொல்றியா?

— பத்து தடவ யோசிச்சாச்சு.

— சரி. உன் ரெண்டரையே போடுவோம். ஆனா சனிக்கிழம சுக்கான் நான் புடிக்கிறேன். கொக்கிய நீ மாட்டிக்கோ.

— விளையாடுறியா?

— இல்ல. மாத்தி மாத்தி ஓட்டிப் பழகினோம்ல? நீ அம்பத்தி ரெண்டு கிலோதான். அரை டன் தாங்குற கம்பி உன்னத் தாங்காதா இன்னா?

— சனிக்கிழம காத்து பலமா இருக்கும்னு ரேடியோல சொன்னாங்க.

— அதனால?

— ஒண்ணுமில்ல… சும்மா சொன்னேன்.

— சரி, தேவசகாயத்துக்கு போன் போட்டு கம்பி வேணான்னு சொல்லிடுறேன். செல்லுல பேலன்ஸ் கொஞ்சம்தான் கீது, ஒரு வாட்டிதான் பேச முடியும்… ம், ரிங் போவுது.

— இரு, இரு. வேணான்னு சொல்லாத. அந்த மூணு மில்லி எத்தன மீட்டர் மிச்சம் இருக்குன்னு கேளு.