தொரை மேசையில பேசின பேச்சு

— இன்னும் எத்தனை இங்கிலீசுச் சொல்லுக்குக் கருத்துக் கேக்கப் போறாய், ரோசலின்? கந்தோர் பூட்டுற நேரம். விடியப் பிரட்டுக்கு ஆள் கணக்கெடுக்க வந்தனான், இன்னும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை.

— கோவிச்சுக்காதீங்க கிளாக்கர் ஐயா. பங்களாவுல தொரை புள்ளைக்கு நான் சோறு ஊட்டிக்கிட்டு நிக்கிறப்ப, தொரையும் தொரைசானியும் மேசையில பேசிக்கிறாங்க. ஆயாவுக்கு என்னா வெளங்கப் போவுதுன்னு நெனப்பு. 'கிவ் அப்'னாங்க. கிவ்னா குடு. அப்னா மேல. மேல குடுக்குறதுன்னா, கோயிலுக்குங்களா?

— கோயிலுக்கோ! உன்னோட பெரிய கரைச்சல். இங்கிலீசைப் பிச்சுப் பிச்சுப் பாத்தால் ஒண்டும் விளங்காது. ரெண்டும் சேர்ந்தால் வேறை கருத்து. கிவ் அப் எண்டால் கைவிடுறது. எதைக் கைவிடப் போகினமாம்?

— பள்ளத்து மலை றப்பர.

— ஓம், போன வருசம் விழுந்த விலை எழும்பவேயில்லை. இனி அந்த மலையில பால் வெட்டு இல்லை. வேறை?

— 'கட் டவுன்'?

— மரத்துக்குச் சொன்னால் தறிக்கிறது. ஆக்களுக்குச் சொன்னால் குறைக்கிறது.

— ஆளுகளுக்குத்தாங்க சொன்னாங்க. 'புட் ஓஃப்'னும் சொன்னாங்க. கிறிஸ்மஸ் வரைக்கும்னு சேத்து.

— தள்ளிப் போடுறது. பாத்தியோ, நத்தார் முடியுமட்டும் ஆரையும் நிப்பாட்ட மாட்டினம். உன்ர புருசன் பவுலும் அதுவரை பால் வெட்டலாம். போ பிள்ளை, நானும் போகோணும்.

— இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க. 'டூ விதவுட்'.

— ஆரைச் சொன்னவை?

— மொதல்ல அர்த்தத்தச் சொல்லுங்க ஐயா.

— அது... இருந்த ஆள் இல்லாமலே சமாளிக்கிறது. இனித் தேவையில்லையெண்டு வை.

— ஆமாங்க.

— அழாதை. வேலையால நிப்பாட்டிப் பத்துச்சீட்டைக் கையில தந்து அனுப்பினாலும் உலகம் முடிஞ்சு போகாது. நான் துரையோட ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறன்.

— நீங்களாங்க?

— ஏன், என்ர சொல்லுக்கு அவரிட்ட மதிப்பிருக்கு. தையில மகள் மனோகரிக்குக் கலியாணம், உனக்கும் தெரியுந்தானே, யாழ்ப்பாணம் போக ரெண்டு கிழமை லீவு வேணுமெண்டு கேட்டனான். எவ்வளவு நாளும் நில்லும் எண்டிட்டார். நல்ல மனுசன்.

— எப்பங்க கேட்டீங்க?

— முந்தநாள்தான். ஏன் அப்பிடிப் பாக்கிறாய்? பவுலுக்காக நான் கட்டாயம் கதைக்கிறன்.

— பவுலுக்கு வேணாங்க ஐயா. அர்த்தமெல்லாம் பங்களாவுல சமைக்கிற கோக்கி ஜோன் அண்ணன் நேத்தே சொல்லிட்டாரு. கலியாணச் செலவுக்கு நீங்க கடன் கிடன் வாங்கிடப் போறீங்களேன்னு மனசு கேக்கல. நேரா சொல்லவும் வாய் வரல. தொரை, 'ஆள் இல்லாமலே சமாளிச்சுக்கலாம்'னு சொன்னது உங்களத்தாங்க.